நான்கு ஸ்கேன், ஒரே இடம்

"காற்று போனதா, இல்லையா?"

சிங்கப்பூர் ரயிலில் நின்றபடி என் கணவர் தொலைபேசியில் இப்படித்தான் உரக்கக் கேட்பார். ஈஷூன் வரும்வரை அந்தப் பெட்டியில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அவருக்கு அதில் வெட்கம் கிடையாது. மூக்கில் குழாயோடு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த எனக்கும் கிடையாது. குடல் அடைத்துக்கொண்டவருக்கு அன்றைய உலகச் செய்தி அது ஒன்றுதான். தாதியர் கேட்பார்கள், மருத்துவர் கேட்பார், எதிர்க்கட்டில் சீன ஆன்ட்டி சைகையால் கேட்பார். ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஆறாவது முறை வருவதற்குள் அறுவை செய்துகொள்வதா, வேண்டாமா என்று முடிவெடுக்க நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

நான் பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். 2013இல் கருப்பையில் நார்த்திசுக் கட்டிகள் பெரிதாகி, அடிவயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆறு வாரத்தில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து 'அ, ஆ' எழுதிக்கொண்டிருந்தேன். பிற்காலத்தில் குடல் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருந்திருக்கும். படித்த நினைவில்லை. அந்த நேரத்தில் யார்தான் படிக்கிறார்கள்?

வயிற்றுக்குள் கத்தி பட்டால், ஆறும்போது வெளியே தோலில் தழும்பு வருவதுபோல உள்ளேயும் தழும்பு வருகிறது. அது நூலாகவோ, பட்டையாகவோ, சவ்வாகவோ குடலை வயிற்றுச் சுவரோடும் குடலைக் குடலோடும் பிணைத்துவிடுகிறது. மருத்துவர்கள் அட்ஹீஷன் என்கிறார்கள். எனக்கு அது ஆறிப்போன இடியாப்பம். சூடாக இருக்கையில் இழை இழையாக வரும். மூடி வைத்து மறுநாள் எடுத்தால், ஓர் இழையை இழுக்க முழு வட்டமும் கூடவே வரும். சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம், ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்க வேண்டிய உறுப்பு. அதன் குறுக்கே ஒரு பட்டை விழுந்து இறுகினால் சோறு, நீர், காற்று எதுவும் தாண்டாது. வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த ஒட்டுகள் உண்டாகின்றன. அவர்களில் பலருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொல்லையும் இருப்பதில்லை. சிலருக்கு மட்டும், சில மாதங்களிலோ இருபது முப்பது ஆண்டுகள் கழித்தோ, ஒருநாள் இறுக்கிப் பிடிக்கிறது.

எனக்கு அந்த நாள் 2017 தீபாவளிக்கு மறுநாள். முறுக்கும் மட்டன் பிரட்டலும் அதிகமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். தொப்புளைச் சுற்றி வலி அலை அலையாக எழுந்தது. ஒரு நிமிடம் பிழியும், சில நிமிடம் விடும், மறுபடியும் பிழியும். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரிந்த தாளம் அது. பக்கத்து மருந்தகத்தில் இரைப்பை அழற்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பழைய அறுவையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரவில் வயிறு பறைபோல் உப்பியது. அத்தை ஓமத் தண்ணீர் கொடுத்தார், அதுவும் வெளியே வந்தது. பிறகு விளக்கெண்ணெயை எடுத்து வந்தார். நல்லவேளை, அதற்குள் நான் பச்சையாக வாந்தியெடுக்கத் தொடங்கியதால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்துவிட்டோம். முழுதாக அடைத்திருக்கும் குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது, மூடிய கதவின் மேல் கூட்டத்தை ஏவுவது மாதிரி. இன்றும் வயிற்று வலிக்கு வைத்தியம் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது: வயிற்றில் எப்போதாவது அறுவை நடந்திருக்கிறதா? காற்று பிரிகிறதா?

மருத்துவமனையில் நடப்பதை ஒரு முறையேனும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்தக் குழாயைப் பற்றி எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு மலேசியத் தமிழ்த் தாதி என் மூக்கிலிருந்து காதுக்கும், காதிலிருந்து மேல்வயிற்றுக்கும் குழாயை வைத்து அளந்தார். நுனியில் வழவழப்பான களிம்பு தடவினார். கையில் ஒரு கோப்பைத் தண்ணீரும் உறிஞ்சுகுழலும் கொடுத்தார். "அக்கா, தாடையை நெஞ்சோடு வையுங்கள். நான் சொல்லும்போது தண்ணீரை விழுங்குங்கள். விழுங்குங்கள், விழுங்குங்கள், இன்னும் ஒரு மிடறு." மூக்கின் பின்புறம் எரிந்தது, கண்ணில் நீர் கொட்டியது, தொண்டை குமட்டியது. அரை நிமிடம்கூட இருக்காது. உடனே குழாயின் மறுமுனைப் பையில் கரும்பச்சை நீர் இறங்கத் தொடங்கியது. ஒன்றரை லிட்டர். பை நிறைய நிறைய, வயிறு இளகியது. குழாய்க்குப் பயந்து மறுப்பவர்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து விழுங்கினால் பாதித் துன்பம் குறையும் என்று அவர்களிடம் சொல்வேன்.

வாய்வழி எதுவும் கிடையாது. கையில் உப்புநீர் ஏறும், மூக்கு வழியே வயிறு வடியும், குடல் தானாக விடுகிறதா என்று காத்திருப்பார்கள். ஒரு காலத்தில், சிறுகுடல் அடைப்பின் மேல் சூரியன் உதிக்கவும் விடாதே, மறையவும் விடாதே, உடனே திற என்பது அறுவை மருத்துவர்களின் பாடமாம். இப்போது அப்படியில்லை. குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்ட அறிகுறி எதுவும் இல்லையென்றால் 72 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்கின்றன ஒட்டினால் வரும் சிறுகுடல் அடைப்புக்காக 2018இல் வெளியான பொலோனியா வழிகாட்டுதல்கள். விட்டு விட்டு வரும் வலி விடாத வலியாக மாறினால், காய்ச்சல் வந்தால், நாடி எகிறினால், வயிற்றைத் தொடவே முடியாமல் போனால், திசுக்களுக்கு உயிர்வளி போதாதபோது கூடும் லாக்டேட் இரத்தத்தில் உயர்ந்தால் காத்திருப்பு அதோடு முடிந்தது. நெரிபட்ட குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். வலி திடீரென்று 'தன்மை மாறினால்' உடனே மணியடியுங்கள் என்று அந்தத் தாதி சொன்னது, மருத்துவர் சொன்ன எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது.

அந்த முறை மூன்றாம் நாள் காலை காற்று பிரிந்தது. கணவரிடம் சொன்னபோது பணி உயர்வு கிடைத்தவர்போல் மகிழ்ந்தார்.

2020 ஜனவரியில் இரண்டாவது. 2021இல் மூன்றாவது. கொவிட் காலம் என்பதால் பார்வையாளர்களுக்குக் கட்டுப்பாடு, தனியாகக் கிடந்தேன். 2023 பிப்ரவரியில் நான்காவது, ஸ்கேன் எடுக்கும் முன்பே ஒரே இரவில் விட்டுவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐந்தாவது. கடைசி முறை, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் காஸ்ட்ரோகிராஃபின் என்ற மருந்தைக் குழாய் வழியே ஊற்றிக் குழாயை அடைத்துவிட்டு, எட்டு மணி நேரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த நீர் பெருங்குடலை எட்டியிருந்தால் அடைப்பு பெரும்பாலும் தானாக விட்டுவிடும், எட்டவில்லையென்றால் அறுவைக்குத் தயாராக வேண்டும். ஏப்பத்தில் சோம்பு வாசம் வந்தது. பிரியாணி சாப்பிட்ட மாதிரி இருக்கிறதே என்று பட்டினி வயிற்றோடு சிரித்துக்கொண்டேன். எக்ஸ்ரேயில் பெருங்குடல் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

இடைவெளி குறைந்துகொண்டே வந்ததைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் அடுத்தது வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவர்கள் அறிந்த உண்மை. ஆனால் எண்ணிக்கை கூடியதைவிட, அதையொட்டி என் வாழ்க்கை சுருங்கியதுதான் என்னை அரித்தது. வாழைத்தண்டு போயிற்று, முருங்கைக்காய் போயிற்று, கீரைத்தண்டு, அன்னாசி, பலா, சோளம், தேங்காய்ச் சில்லு எல்லாம் போயின. நூடல்ஸில் போடும் முளைப்பயறும், கொதிக்கும் சூப்பில் முக்கிச் சாப்பிடும் ஊசிக் காளானும் மென்றாலும் நாராகவே இறங்கும் என்று அவற்றையும் விட்டேன். உணவை மாற்றினால் அடைப்பு வராது என்று எவரும் உறுதி தரவில்லை. குறுகிய இடத்தில் நார் சிக்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நானோ பயத்தில் கஞ்சி, மீன், முட்டை என்று வாழ ஆரம்பித்தேன். மன்னார்குடியில் அண்ணன் வீட்டுக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரவு இரண்டு மணிக்கு அங்கே அடைத்துக்கொண்டால் சிடி ஸ்கேனும் அறுவை மருத்துவரும் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்த்துப் பார்த்தே டிக்கெட் எடுக்காமல் விட்டேன்.

"எத்தனை முறை வந்தால் அறுவை செய்வீர்கள்?"

இரண்டாவது முறையிலிருந்து நான் எல்லா மருத்துவரிடமும் கேட்ட கேள்வி இது. தவறான கேள்வி என்று தெரிய எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

முதலில் பார்த்த அறுவை மருத்துவர் நிதானமானவர். அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது என்றார். ஒட்டை அறுக்க வயிற்றுக்குள் போனால், அந்த அறுவையே புதிய ஒட்டுகளை உண்டாக்கும். பிரிக்கும்போது குடலில் ஓட்டை விழலாம், விழுந்ததை உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. தானாக விடுகிறவரை விடட்டும் என்பது அவர் கட்சி. அதில் தவறில்லை. வீட்டுக்கு வந்து, "வேண்டாமாம்" என்று சொன்னதும் அத்தை சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார்.

ஐந்தாவது முறைக்குப் பிறகு என் மகள் ஒரு வேலை செய்தாள். நான் இரண்டு வெவ்வேறு மருத்துவமனைகளில் மாறி மாறிச் சேர்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே. ஒவ்வொரு முறையும் புதிய மருத்துவர் குழு, ஒவ்வொரு முறையும் 'ஒட்டினால் சிறுகுடல் அடைப்பு, அறுவையின்றிச் சரியானது' என்று ஒரே மாதிரி விடுவிப்புக் குறிப்பு. மகள் இரண்டு இடத்திலும் மருத்துவப் பதிவுப் பிரிவில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நான்கு சிடி ஸ்கேன் அறிக்கைகளையும் வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து, ஒரே வாக்கியத்தை மஞ்சள் பேனாவால் நான்கிலும் தீட்டினாள். வீங்கிய குடல் முடிந்து சுருங்கிய குடல் தொடங்கும் இடம், அதாவது அடைப்பு இருக்கும் இடம், எங்கே என்று சொல்லும் வாக்கியம். நான்கிலும் அடிவயிற்றின் வலப்பக்கம், இடுப்பெலும்புக் குழியின் விளிம்பு. "அம்மா, இது நான்கு நோய் இல்லை. ஒரே முடிச்சு, நான்கு தடவை."

அரசு வெளிநோயாளர் நிலையமான பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு வேறோர் அறுவை மருத்துவரிடம் போனோம். இந்த முறை எத்தனை தடவை என்று கேட்கவில்லை. "நான்கு படத்தையும் ஒன்றாகத் திரையில் வைத்துப் பார்ப்பீர்களா?" என்று கேட்டேன். அறிக்கை மட்டும் அல்ல, படத்தையே. அவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். ஏறத்தாழ பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திரையில் விரல் வைத்துக் காட்டினார். வீங்கிய குடல் ஒரு கொக்கிபோல் வளைந்து ஒரு புள்ளியில் பறவையின் அலகு மாதிரிக் கூர்ந்து முடிந்தது. ஒவ்வொரு படத்திலும் அதே அலகு.

அவர் விளக்கியதன் சாரம் இது. வயிறு முழுக்கக் குடல் பின்னிப் பிணைந்திருந்தால் அறுவையால் கிடைக்கும் நன்மை குறைவு, ஆபத்து அதிகம். ஒரே இடத்தில் ஒரே பட்டை இறுக்குவதுபோல் தெரிந்தால் கணக்கு மாறுகிறது. வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், கேமராவும் கருவிகளும் நுழையும் நுண்துளை வழியே போய் அந்தப் பட்டையை வெட்டிவிட்டு வர வாய்ப்பிருக்கிறது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறுபடி அடைப்பது செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைவு, ஆனால் இல்லாமலே போவதில்லை. ஸ்கேனில் ஒட்டே நேராகத் தெரியாது, அதன் விளைவுதான் தெரியும் என்பதால், உள்ளே போய்ப் பார்க்கும்வரை எதுவும் உறுதியில்லை. போன பிறகு சிக்கலாக இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும், குடலில் ஒரு துண்டை எடுக்க வேண்டியும் வரலாம். இவை அனைத்துக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து.

எதிர்க்கட்டில் ஆன்ட்டியை இங்கே சொல்லாமல் முடியாது. அவருக்கும் என்னைப்போல் ஐந்தாறு முறை. ஆனால் பெருங்குடல் புற்றுநோய்க்கும் வேறு இரண்டு காரணங்களுக்கும் வயிற்றை மூன்று முறை திறந்தவர். அவருடைய மருத்துவர் உயிர் போகிற நிலை வந்தால் ஒழிய தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உள்ளே ரொட்டி பராட்டா மாவு மாதிரி, என்று கையைப் பிசைந்து காட்டிச் சிரித்தார் ஆன்ட்டி. எங்கள் இருவருக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். எனக்கு வந்த யோசனை அவருக்குப் பொருந்தாது. அவருக்குச் சொன்னதை என் தலையில் ஏற்றிக்கொண்டுதான் நானும் அத்தனை நாள் பயந்திருந்தேன்.

இன்னொன்றையும் கேட்டேன், இதை எல்லாரும் கேட்க வேண்டும்: "இப்போது செய்யாவிட்டால், எந்த நிலையில் செய்ய நேரும்?" நடுநிசியில், நெரிபட்ட குடலோடு, அன்று பணியில் யார் இருக்கிறாரோ அவர் கையால், பெரும்பாலும் வயிற்றைத் திறந்து. வீங்கிய குடல் நுண்துளை அறுவைக்கு இடம் விடாது. வெறும் வயிறு, சுருங்கிய குடல், பகல் நேரம், இந்த வேலையில் பழகிய கை என்று செய்துகொள்வது வேறு. இதைக் கேட்டபோது என் கணவர்தான் முதலில் தலையாட்டினார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முன்பே இருக்கும் நோய்க்கும், அரசின் கட்டாய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் காப்பு உண்டு. 2015 நவம்பர் முதல் எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது பொருந்தும். 2018இல் அதற்கு மேல் தனியார் திட்டம் ஒன்றை எடுக்கப் போனேன். குடல் தொடர்பான எதற்கும் காப்பு இல்லை என்று விலக்கு எழுதிவிட்டார்கள். பழைய அறுவை இருப்பவர்கள் முதல் அடைப்பு வருமுன்பே அதை யோசித்திருக்க வேண்டும். நான் அரசு மானியமுள்ள பி2 வகுப்பு வார்டு எடுத்தேன். காப்புறுதி தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய கழிவுத் தொகைக்கும், அதற்கு மேல் நம் பங்கான இணைக் கட்டணத்துக்கும் கட்டாய மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் கைகொடுத்தது. அறுவைக்கு முன்பே செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்கினோம், நுண்துளைக்கு ஒன்று, திறந்து செய்ய நேர்ந்தால் ஒன்று.

2023 டிசம்பர், பள்ளி விடுமுறை. பழைய தழும்புக்கு அருகே குடல் சுவரோடு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் முதல் துளையை இடது விலாவுக்குக் கீழே போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் என் கை மூக்கைத்தான் தேடியது. குழாய் இல்லை. மருத்துவர் மாலையில் வந்து படத்தைக் காட்டினார். வெண்மையாக, காலணிக் கயிறு பருமனில் ஒரு பட்டை, அதனடியில் நுழைந்து மாட்டிய குடல். வேறிரண்டு இடங்களிலும் ஒட்டுகள் இருந்தன, தொல்லை தராததால் அவற்றைத் தொடவில்லை என்றார். அவ்வளவையும் பிரித்துவிட்டிருக்கலாமே என்று அத்தைக்கு இன்றுவரை குறை. தொட்டால் புண், புண்ணானால் ஒட்டு என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் மாலை காற்று பிரிந்தது. மூன்றாம் நாள் வீடு. எழுந்து நடக்கச் சொன்னபடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் என்று எண்ணி நடந்தேன். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் வித்தையைத் தாதி கற்றுக்கொடுத்திருந்தார். இரண்டு வாரம் மசித்த உணவு, பிறகு ஒன்றொன்றாக. ஒரு புதிய காய், அரைக் கிண்ணம், இரண்டு நாள் இடைவெளி என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பேட்டில் முதல் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது: பழைய அறுவை, ஐந்து அடைப்புகளின் தேதி, நான்கு ஸ்கேன்களின் இடம், அறுவையில் கண்டது. அவசரத்தில் யார் என்னைத் தூக்கிக்கொண்டு போனாலும் அதை மருத்துவரிடம் நீட்டினால் போதும்.

முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்டில் ஓரிரவு அதே இடத்தில் பிழிந்தது. திட உணவை நிறுத்தி, வெந்நீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கணக்கு இதுதான்: வாந்தி வந்தாலோ, வயிறு உப்பினாலோ, காற்று பிரியாமல் வலி மட்டும் நான்கு மணி நேரம் தாண்டினாலோ கிளம்பிவிட வேண்டும். காலணி அடுக்குக்குப் பக்கத்தில் பை தயாராகவே இருக்கும். விடியற்காலை மூன்றே காலுக்கு, இருட்டில், படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"காற்று போனதா?"

"போய்விட்டது. தூங்குங்கள்."

இந்தத் தை மாதம் மன்னார்குடியில் அண்ணன் மகன் திருமணத்துக்குப் போனோம். பந்தியில் வாழைத்தண்டுக் கூட்டு வைத்துக்கொண்டே வந்தார்கள். வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் ஒரு கரண்டி விழுந்துவிட்டது. நான் அதை இலை ஓரத்துக்கு ஒதுக்கினேன். என் கணவர் யாரும் பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பாமல், அதைத் தன் இலைக்கு வழித்துக்கொண்டு, "உப்பு கொஞ்சம் குறைவு" என்றார்.